வேகன் ஆர் முன் கண்ணாடியில் இரண்டு கல்லடி: ரெசின் அடிப்பதா, முழுசாக மாற்றுவதா?

கொட்டகலை_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2018 வேகன் ஆர், பின்பக்கம் பார்க்கும் உள் கண்ணாடிக்குப் பின்னால், முன்னால் உள்ளதைப் பார்த்து எச்சரிக்கும் கேமரா உள்ள மாடல். போன வாரம் கொழும்பிலிருந்து திரும்பும்போது கினிகத்தேனைக்குக் கீழே ஒரு டிப்பருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். தார்ப்பாய் மூடாமல் சல்லிக்கல் ஏற்றியிருந்தான். வளைவில் அடுத்தடுத்து இரண்டு கல் வந்து விழுந்தது.

இடது பக்கம், பக்கத்து சீட்டுக்கு நேரே நட்சத்திரம் மாதிரி ஒரு அடி. அதிலிருந்து மேல்நோக்கி நாலு அங்குலத்துக்கு ஒரு கோடு ஓடியிருக்கிறது. மற்றது ஓட்டுபவருக்கு நேரே, அரை சென்டிமீட்டர்கூட வராத ஒரு புள்ளி.

ஹட்டனில் ஒரு கராஜில் முழுக் கண்ணாடியையும் மாற்றச் சொன்னார்கள். இன்னோர் இடத்தில், கோட்டுக்கு ரெசின் (வெடிப்பை நிரப்பும் பசை) அடிக்கலாம், புள்ளியைக் கண்டுகொள்ள வேண்டாம் என்றார்கள். வீட்டுக்காரர் "அடுத்த தடவை வண்டி லைசன்ஸ் புதுப்பிக்கும் வரைக்கும் ஓடட்டுமே" என்கிறார். தினமும் தலவாக்கலைப் பக்கம் ஸ்கூலுக்குப் போய்வருகிற வண்டி. காலையில் பனி, பின்னேரம் மழை. யார் சொல்வதைக் கேட்பது?

மஸ்கெலியா_மச்சான்

முதலில் ஒரு எலுமிச்சம்பழமும் நாலு பச்சை மிளகாயும் வாங்கிக் கட்டுங்க டீச்சர். ஒரே வளைவில் இரண்டு கல் என்றால் அது டிப்பர் வேலை இல்லை, அக்கம்பக்கத்துக் கண்.

பதுளை_வேன்காரன்

வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. என் கேடிஎச் வேனில் கீழ் மூலையிலிருந்து ஒரு வெடிப்பு நீளமாகப் போகிறது. அதோடுதான் பசறை ரோடு, வெலிமடை ரோடு எல்லாம் ஹயர் ஓடுகிறேன். ஒன்றும் கொட்டிவிடவில்லை. டித்வா புயலுக்குப் பிறகு எத்தனை இடத்தில் மண்ணை வழித்துவிட்டு வெறும் கல்லைப் பரப்பி வைத்திருக்கிறான் பாருங்க. இந்த ரோட்டில் புதுக் கண்ணாடி போட்டால் அடுத்த மாதமே அதுக்கும் ஒரு கல் வரும். காசு மரத்திலயா காய்க்குது?

லிந்துலை_லொறி

தம்பி, ஓடும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டு இறம்பொடை வளைவுகளில் இறங்கும்போது எதிரே ஒரு பஸ் ஹைபீமோடு வந்தால், அந்த வெடிப்பு முழுக்க வெளிச்சம் பிடித்து எரியும். ரோட்டின் ஓரம் எது, பள்ளம் எது என்று தெரியாது. பகலில் மட்டும் ஓட்டுகிறவர் பேசுகிற பேச்சு உங்க பேச்சு.

டீச்சருக்கு என்ன செய்யணும் என்று கண்ணாடி வேலை தெரிந்த ஆள் யாராவது சொன்னால் நல்லது. நமக்குத் தெரிந்தது ரப்பர் பீடிங் போட்ட பழைய லொறிக் கண்ணாடி மட்டும்தான்.

கண்ணாடி_பாஸ்

நான் கண்டிப் பக்கம் இந்த வேலைதான் செய்கிறேன். படம் பார்க்காமல் மாற்று, ஒட்டு என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். டீச்சர், இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க.

கோட்டின் மேல் நுனிக்கும் கண்ணாடியின் ஓரத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? வண்டிக்குள் உட்கார்ந்து, அடி விழுந்த இடத்தில் உள்பக்கம் நகத்தால் மெதுவாக இழுத்துப் பாருங்க, நகம் எங்கேயாவது தடுக்குதா? அடி விழுந்த பிறகு சர்வீஸ் ஸ்டேஷனில் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா? டேப் ஏதாவது ஒட்டியிருக்கா?

அதுவரைக்கும் காலையில் ஹீட்டரை நேரே கண்ணாடிக்குத் திருப்ப வேண்டாம்.

பேராதனை_பையன்

பாஸ் ஏன் நகத்தால் இழுக்கச் சொல்கிறார் என்று யோசிப்பவர்களுக்கு: முன் கண்ணாடி ஒரே கண்ணாடி இல்லை. சுமார் 2 மில்லிமீட்டர் தடிப்பில் இரண்டு தகடு, நடுவில் பிவிபி என்கிற பிளாஸ்டிக் படலம். அது பொதுவாக 0.76 மில்லிமீட்டர். கல் அடித்தால் வழக்கமாக வெளித்தகடு மட்டும்தான் உடையும். வேனண்ணாவின் கண்ணாடி இன்னும் கொட்டாமல் நிற்பதும் நடுப்படலம் பிடித்து வைத்திருப்பதால்தான். உள்தகடும் உடைந்திருந்தாலோ படலம் கிழிந்திருந்தாலோ ரெசின் பேச்சுக்கே இடமில்லை, மாற்றித்தான் ஆகணும்.

1903இல் ஒரு பிரெஞ்சு வேதியியல்காரரின் கையிலிருந்து குடுவை ஒன்று விழுந்து, உடைந்தும் சிதறாமல் கிடந்ததாம். உள்ளே செல்லுலோஸ் நைத்திரேற்று காய்ந்து படிந்திருந்தது காரணம். அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்பார்கள். 1909இல் காப்புரிமை எடுத்தார்.

மஸ்கெலியா_மச்சான்

தம்பி எக்ஸாமுக்குப் படிக்கிறதை எல்லாம் இங்கே கொட்டுகிறார். நடத்துங்க.

கொட்டகலை_டீச்சர்

பாஸ், பார்த்தேன். மேல் ஓரத்துக்கு இன்னும் ஒரு சாண் இடைவெளி இருக்கு, பக்கத்து ஓரத்துக்கு அதைவிட அதிகம். உள்பக்கம் வழவழ என்றுதான் இருக்கு, நகம் எங்கேயும் தடுக்கவில்லை. சோப்புப் போட்டுக் கழுவவில்லை. ஆனால் மழையில் நின்றது. டேப் ஒட்டவில்லை. சின்னப் புள்ளி மேல் வைப்பர் போகும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வருது.

கண்ணாடி_பாஸ்

அப்படியென்றால் மாற்ற வேண்டிய அவசியம் இப்போதைக்கு இல்லை. இன்றைக்கே அகலமான தெளிவு டேப் ஒன்றை, கண்ணாடியைத் துடைத்துக் காயவைத்துவிட்டு, இரண்டு கல்லடி மேலும் ஒட்டிவிடுங்க. தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் இருந்தால்தான் ரெசின் சுத்தமாகப் பிடிக்கும். வெடிப்புக்குள் சேறு இறங்கிவிட்டால் எந்தக் கெட்டிக்கார பாஸாலும் அதை வெளியே எடுக்க முடியாது. வேலை முடிந்த பிறகும் கறுப்பாக ஒரு ரேகை தெரியும், அப்புறம் "பாஸ் ஏமாத்திட்டான்" என்று பேர் நமக்கு.

எல்லாரும் நீளத்தையே கேட்கிறார்கள். ஆறு அங்குலம் வரைக்கும் சாதாரணமாக அடிக்கலாம். நல்ல கருவியும் பொறுமையும் இருந்தால் அதைத் தாண்டியும் அடிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஓரத்தை. ஓரத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் வெடிப்பு வந்துவிட்டால் நான் கை வைப்பதில்லை. கண்ணாடியில் இழுவை அதிகம் உள்ள இடம் அது. நம் ரோட்டில் ஒரு சக்கரம் குழியில், ஒரு சக்கரம் மேட்டில் என்று போகும்போது பாடி முறுக்குகிற முறுக்கு நேரே அங்கேதான் போய்ச் சேரும். இன்றைக்கு ரெசின் அடித்தால் நாளைக்கு நானுஓயா போவதற்குள் பக்கத்தில் இன்னொரு கோடு கிளம்பும்.

உங்க நீளக் கோடு ஓரத்திலிருந்து தள்ளி இருக்கு, உங்க பார்வைக்கு நேரேயும் இல்லை. அது அடிக்கக்கூடியதுதான். நான் யோசிப்பது அந்தச் சின்னப் புள்ளியைப் பற்றி. ரெசின் அடித்த இடம் நூற்றுக்கு நூறு மறையாது, ஒரு மங்கலான தழும்பு நிற்கும். பக்கத்து சீட் பக்கம் அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே நின்றால், பனிக்குள் எதிர் லைட் வரும்போது அந்த இடம் பூப்பூவாகச் சிதறும். பெரிய அடி என்றால் அங்கே ரெசின் அடிக்காமல் மாற்றச் சொல்வேன். அரை சென்டிமீட்டர் என்பதால் நேரில் லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

பேராதனை_பையன்

பாஸ் சொல்வதற்கு வெளிநாட்டில் எழுதின அளவே இருக்கு. பிரிட்டனில் வருடாவருடம் நடக்கும் வாகனப் பரிசோதனையில், ஸ்டியரிங்கின் நடுவுக்கு நேரே 290 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேலிருந்து கீழ் ஒரு பட்டையைக் கணக்கில் எடுக்கிறார்கள். அதற்குள் 10 மில்லிமீட்டரைத் தாண்டின அடி இருந்தால் வண்டி பெயில். வைப்பர் துடைக்கிற மற்ற இடத்தில் 40 மில்லிமீட்டர் வரை விடுவார்கள். இது நம் நாட்டுச் சட்டம் இல்லை, ஆனால் வீட்டில் அடிக்கோல் வைத்து அளந்து பார்க்க நல்ல அளவு. டீச்சரின் புள்ளி இதில் பாஸ் ஆகுது.

பதுளை_வேன்காரன்

சரி, அப்படியென்றால் ரெசினுக்கு எதுக்குக் காசு? சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டால் முடிந்தது. எங்க ஸ்டாண்டில் நாலு பேர் அப்படித்தான் செய்திருக்கான். ஒருத்தன் நகப்பாலிஷ் போட்டிருக்கான், அதுவும் நிற்குது.

கண்ணாடி_பாஸ்

நிற்கும் தம்பி. ஆனால் அது வாயை மட்டும் மூடும், உள்ளே காற்று அப்படியே இருக்கும். மேலே மூடின பிறகு என்னிடம் கொண்டுவந்தால் ரெசின் இறங்க வழியும் இருக்காது. குளூ போட்ட கண்ணாடியை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

ரெசின் வேலை எப்படி என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்க. முதலில் அடி விழுந்த குழியில் உதிர்ந்து நிற்கும் கண்ணாடித் தூளை ஊசியால் கிள்ளி எடுப்போம். ஈரம் இருந்தால் உள்பக்கமிருந்து லேசாகச் சூடு காட்டி உலர்த்தணும், அவசரப்பட்டுக் கொளுத்தினால் கோடு ஓடிவிடும். பிறகு உறிஞ்சி பிடிக்கிற ஒரு தாங்கியைக் கண்ணாடி மேல் ஒட்டி, அதன் நடுவிலுள்ள குழாய் வாய் சரியாகக் குழிமேல் உட்காரும்படி திருகுவோம். அதில் ரெசின் சில சொட்டு. பிஸ்டனைப் பின்னால் இழுத்தால் வெடிப்புக்குள் இருக்கும் காற்று குமிழ் குமிழாக வெளியே வரும். முன்னால் தள்ளினால் ரெசின் உள்ளே போகும். இழுப்பது, விடுவது, தள்ளுவது, இப்படியே மாற்றி மாற்றி. உள்ளேயிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி பிடித்துப் பார்த்தால் வெள்ளியாக மினுங்கின நட்சத்திரக் கால் ஒவ்வொன்றாக அணைவது தெரியும். கடைசிக் கால் நுனி அணையவே அணையாது, அங்கேதான் பொறுமை வேணும். காசுக்கு அவசரப்படுகிறவன் அந்த நுனியை அப்படியே விட்டுவிடுவான். வெடிப்பு மறுபடி ஓடினால் அந்த நுனியிலிருந்துதான் ஓடும்.

எல்லாம் நிரம்பின பிறகு மேலே ஒரு சின்னத் தாள் வைத்து யூவி (புற ஊதா) விளக்கில் இறுக வைப்போம். வெயிலிலும் இறுகும். அதனால்தான் வேலையை நிழலில் தொடங்கணும். முச்சந்தியில் வெயிலில் வண்டியை நிறுத்தி ரெசின் அடிக்கிறவனிடம் கொடுத்தால் பாதி வழியிலேயே இறுகிவிடும். கடைசியில் பிளேடால் சுரண்டி, பாலிஷ்.

பேராதனை_பையன்

ரெசின் வெளிச்சத்தை வளைக்கிற அளவும் கண்ணாடி வளைக்கிற அளவும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால்தான் நிரப்பின இடம் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாமல் போகுது. சூப்பர் குளூ உள்ளே முழுசாக இறங்காததால் காற்று நின்று மினுங்குது.

க்ளெய்ம்_அக்கா

நான் இன்சூரன்ஸில் இருந்தவள், இப்போது வேலையை விட்டுவிட்டேன். யாரும் இன்னும் இதைச் சொல்லாததால் எழுதுகிறேன்.

டீச்சர், ரெசினோ புதுக் கண்ணாடியோ, கை வைப்பதற்கு முன்னால் உங்க பாலிசித் தாளை எடுத்துப் பாருங்க. தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் உங்க கண்ணாடிக்கு ஒரு சதமும் வராது. புல் இன்சூரன்ஸ் என்றால் முன் கண்ணாடிக்குத் தனியாக ஒரு தொகை எழுதியிருக்கிறதா, அதற்குக் கேட்டால் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காமல் இருந்ததற்குத் தரும் கழிவு) குறையுமா குறையாதா என்று பாருங்க. கம்பனிக்குக் கம்பனி, பாலிசிக்குப் பாலிசி இது வேறுபடும். போனஸ் குறையும் என்றால் ரெசினுக்காகக் க்ளெய்ம் போடுவது மடத்தனம், கைக்காசைக் கொடுத்துவிட்டுப் போங்க. முழுக் கண்ணாடி என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பலபேர் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பில்லோடு வருவார்கள். உடைந்த கண்ணாடியை அதிகாரி பார்க்காமல் எப்படி? முதலில் ஹொட்லைனுக்கு அழைத்துச் சொல்லணும், வண்டி இலக்கம் தெரிகிற மாதிரி படம் எடுத்து வைக்கணும், அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் கழற்றணும். கல் அடித்த நாளையும் இடத்தையும் எழுதி வையுங்க. மூன்று மாதம் கழித்துப் போய், எங்கே அடித்தது என்று ஞாபகம் இல்லை என்றால் அவர்கள் முகம் மாறும்.

வேனண்ணாவுக்கு ஒரு கேள்வி. உங்க வெடிப்பு ஓரத்தைத் தொட்டுவிட்டதா?

பதுளை_வேன்காரன்

ஓரத்தில்தான் தொடங்கினதே. கல் அடித்த தடம் ஒன்றும் இல்லை. ஒருநாள் காலையில் பார்த்தால் இருந்தது.

கண்ணாடி_பாஸ்

கல் அடித்த குழி இல்லாமல் ஓரத்தில் தொடங்கினது என்றால் அது இழுவையில் வந்த வெடிப்பு. ஒரு பேனாவின் நுனியை வெளியே கோட்டின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்க. குழி எங்கேயும் மாட்டவில்லை என்றால் சந்தேகமே இல்லை. இந்த வேனுக்கு இதற்கு முன் எப்போதாவது முன் கண்ணாடி மாற்றினதா? மாற்றியிருந்தால் கண்ணாடியைப் பிடிக்கும் கம் (பசை) சரியாக உட்காராமல் ஒரு மூலை பாடித் தகட்டில் முட்டிக்கொண்டிருக்கும், இல்லை உள்ளே துரு ஏறித் தகடு உப்பியிருக்கும். புதுக் கண்ணாடியை அதே இடத்தில் வைத்தால் அதுவும் வெடிக்கும். துருவைச் சுரண்டிச் சரிசெய்யாமல் மாற்றிவிடாதீங்க.

பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. தகுதிச் சான்றிதழுக்குக் கொண்டுபோகும்போது எப்படியும் மாற்றச் சொல்வார்கள், அதுக்கு முன்னாலேயே செய்துவிடுங்க.

லிந்துலை_லொறி

பாஸ், அப்போ பழைய காலத்து லொறிக் கண்ணாடி? அடித்த உடனே முழுக் கண்ணாடியும் வெள்ளையாகிவிடும், ரோடே தெரியாது. ஒருத்தர் புசல்லாவை இறக்கத்தில் கையால் குத்தி ஓட்டை போட்டு எட்டிப் பார்த்துக்கொண்டே ஓரம் கட்டினார்.

கண்ணாடி_பாஸ்

அண்ணே, அது ஒற்றைத் தகட்டு டெம்பர்ட் கண்ணாடி. இப்போது காரின் பக்கக் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும்தான் பொதுவாக அதைப் போடுகிறார்கள். பழைய லொறி, பஸ்ஸில் முன்னாலேயும் இருந்தது. அதில் ரிப்பேர் என்ற பேச்சே கிடையாது. அந்தந்த வண்டியின் கண்ணாடி மூலையில் குத்தியிருக்கும் எழுத்தைப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

பீடிங் வண்டிக்கு ஒரு சுகம் இருக்கு, கயிற்றைப் பள்ளத்தில் சுற்றி வைத்து உள்ளேயிருந்து இழுத்தால் ரப்பர் உதடு உள்பக்கம் வந்து உட்கார்ந்துவிடும். கம் காயக் காத்திருக்க வேண்டாம். உடனே ஏற்றிக்கொண்டு போகலாம்.

கொட்டகலை_டீச்சர்

நிறைய விஷயம் தெரிந்தது, நன்றி. ஒருவேளை மாற்றத்தான் வேண்டி வந்தால் எந்தக் கண்ணாடி வாங்குவது? ஹட்டன் கராஜில் சைனா கண்ணாடி போட்டுத் தருகிறோம் என்றார்கள். மச்சினர் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஜப்பான் ரீகண்டிஷன் (பாவித்த வண்டியிலிருந்து கழற்றினது) எடுக்கலாம் என்கிறார். கேமராவுக்கு ஏதும் ஆகுமா? டாஷ்போர்டில் இப்போது எந்த விளக்கும் எரியவில்லை.

கண்ணாடி_பாஸ்

2020 மார்ச்சில் வண்டி இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் காருக்குத் திறந்துவிட்டார்கள். நடுவில் எல்லாரும் இருந்த வண்டியையே வைத்து ஓட்டினதால் ரீகண்டிஷன் கண்ணாடிக்கு அடிபிடி. நல்லதும் வந்தது, குப்பையும் வந்தது. ஜப்பான் கண்ணாடி என்ற பேருக்காக மட்டும் எடுக்காதீங்க. கழற்றும்போது ஓரத்தில் கத்தி பட்டுச் சின்னச் சொட்டை விழுந்திருக்கும், கம் பூசினால் வெளியே தெரியாது. அதிலிருந்து பிறகு வெடிப்பு கிளம்பும். வாங்குகிறவர் விரலை ஓரம் முழுக்க ஓட்டிப் பார்க்கணும், துணி சுற்றிக்கொண்டு. வைப்பர் கீறலும் பாருங்க, வெயிலுக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் வளைவு வளைவாகத் தெரியும். சைனாவில் செய்ததெல்லாம் மட்டம் இல்லை, பெரிய கார் கம்பனிகளே அங்கேயிருந்து எடுக்கிறார்கள். மூலையில் முத்திரை, லாமினேட்டட் (நடுவில் படலம் வைத்து இரண்டு தகடு ஒட்டினது) என்ற எழுத்து, ஐரோப்பிய 43ஆர் மாதிரித் தர இலக்கம் இருக்கா என்று பாருங்க. முத்திரையே இல்லாத கண்ணாடி இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

உங்களுக்குக் கேமரா இருப்பதால் இன்னொரு சிக்கல். கேமரா தாங்கி ஒட்டின கண்ணாடிதான் வேணும். கேமரா பார்க்கிற இடத்தில் கண்ணாடி துளி நெளிந்திருந்தாலும் அது தூரத்தைத் தப்பாகக் கணிக்கும். மாற்றின பிறகு ஸ்கேனர் போட்டுக் கேமராவை மறுபடி நேர் செய்யணும். விளக்கு எரியவில்லை என்பதால் சரியாக இருக்கு என்று அர்த்தம் இல்லை. இந்த வசதி எல்லாக் கடையிலும் இல்லை, காசு பேசுவதற்கு முன்னால் இதைக் கேளுங்க. "அது தேவையில்லைங்க" என்று சொல்கிற கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்க.

பதுளை_வேன்காரன்

கண்ணாடியை விடுங்க பாஸ், கம் பற்றிச் சொல்லுங்க. எனக்கு மாற்றின ஆள் ஒரு மணி நேரத்தில் சாவியைக் கொடுத்தான்.

கண்ணாடி_பாஸ்

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கண்ணாடி எவ்வளவு நல்லது என்றாலும் பிடித்து வைப்பது கம்தான். மோதும்போது பக்கத்து சீட் ஏர்பேக் மேல்நோக்கி வெடித்து முன் கண்ணாடியில் அண்டி நிற்கும். வண்டி தேயிலைக்குள் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அந்தக் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. கம் பிடிக்கவில்லை என்றால் ஏர்பேக் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும்.

சரியான வேலை என்றால் பழைய கண்ணாடியைக் கம்பி போட்டு இரண்டு பேர் அறுத்து எடுப்பார்கள். பழைய கம்மை முழுக்கச் சுரண்டிப் பாடித் தகட்டைக் காட்டக்கூடாது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு அதன்மேலேயே புதுக் கம் போடணும், அதுதான் நல்ல பிடி. கத்தி கீறின இடத்தில் பிரைமர் (துரு பிடிக்காமல் பூசும் அடிப்பூச்சு) தொட்டு வைக்காவிட்டால் நம் ஊர் மழைக்கு அடுத்த வருடமே துரு. கம் துப்பாக்கியின் மூக்கை வி வடிவத்தில் வெட்டி, உயரமாக ஒரே இழுப்பில் சுற்றி வரணும். நடுவில் நிறுத்தி ஒட்டுப்போட்டால் அந்த இடத்தில்தான் தண்ணீர் ஒழுகும்.

இந்தக் கம் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். அதனால் மலையில் சீக்கிரம் காயும் என்று சிலர் சொல்வார்கள். ஈரம் இருக்கு, சரி, குளிரும் இருக்கே! குளிரில் மெதுவாகத்தான் இறுகும். எத்தனை மணி நேரம் என்று கம் குழாயிலேயே போட்டிருப்பான், சிலதுக்கு ஒரு மணி, சிலதுக்கு அரை நாள். நுவரெலியாவில் தை மாதத்தில் நான் என்றால் அதைவிடக் கூட்டித்தான் சொல்வேன். காற்றில் ஈரம் வேணும் என்றாலும் ஒட்டுகிற இடம் உலர்ந்திருக்கணும். பனி இறங்கும்போது திறந்த வெளியில் இந்த வேலையைச் செய்ய விடாதீங்க. முதல் நாள் முழுக்க ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்க. எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அடித்துச் சாத்தினால் உள்காற்று கண்ணாடியை வெளியே தள்ளும். சர்வீஸுக்கும் போட வேண்டாம்.

தம்பி, உங்களுக்கு எந்தக் கம் போட்டான் என்று தெரியுமா?

பதுளை_வேன்காரன்

சிலிக்கன் என்றான்.

லிந்துலை_லொறி

மீன் தொட்டி ஒட்டுகிறதா?

கண்ணாடி_பாஸ்

அப்படியென்றால் பேச்சே வேண்டாம். முன் கண்ணாடிக்கு யூரித்தேன் கம்தான். வண்டியைப் பார்க்கக் கொண்டுபோங்க தம்பி, இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஹயர் ஆட்கள் உயிர்.

க்ளெய்ம்_அக்கா

ஒரு சின்ன விஷயம், மறந்துவிடுவார்கள். கண்ணாடியைக் கழற்றும் முன்னால் அதில் ஒட்டியிருக்கும் வண்டி லைசன்ஸ் தாளைப் பத்திரமாக எடுத்து வையுங்க. பழைய கண்ணாடியோடு அதுவும் குப்பைக்குப் போய், பிரதிக்கு அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

கொட்டகலை_டீச்சர்

சனிக்கிழமை கண்டிக்குப் போய் வேலையை முடித்தோம். பாஸின் கடை இல்லை, வழியில் விசாரித்துக் கண்டுபிடித்தது. நிழலில் நிறுத்தச் சொன்னதும் நம்பிக்கை வந்தது.

நீளக் கோடு நிரம்பிவிட்டது. சாய்த்துப் பார்த்தால் தலைமயிர் மாதிரி ஒரு ரேகை தெரியும், நேரே பார்த்தால் இல்லை. மழையில் நனைந்திருந்ததால் உலர்த்தவே நிறைய நேரம் போனது. சின்னப் புள்ளியை லென்ஸில் பார்த்துவிட்டு, இதில் வெடிப்பே இல்லை, மேல்தோல் மட்டும் பெயர்ந்திருக்கு, உள்ளே ஏற்ற இடமே கிடையாது என்றார்கள். குழியை மட்டும் நிரப்பிப் பாலிஷ் போட்டார்கள். வைப்பர் சத்தம் நின்றுவிட்டது. ராத்திரி எதிர் லைட்டில் ஓட்டிப் பார்த்தேன், இடைஞ்சல் இல்லை.

இன்சூரன்ஸைத் தொடவில்லை. கோட்டின் இரண்டு நுனியிலும் உள்பக்கம் மார்க்கர் புள்ளி வைத்துவிட்டார்கள். அதைத் தாண்டினால் மாற்ற வேண்டியதுதான் என்று வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார்.

கண்ணாடி_பாஸ்

நல்ல வேலை. கம்பனியில் ஒட்டின கண்ணாடியை முடிந்தவரை கழற்றாமல் வைத்திருப்பதுதான் என் கொள்கை, என் தொழிலுக்கு நட்டம் என்றாலும். அந்த ஒட்டு மாதிரி இன்னொரு ஒட்டு கிடைப்பது கஷ்டம்.

காலையில் கண்ணாடி பனித்திருந்தால் ஏசியைப் போட்டு, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்க. நுவரெலியாவில் உறைபனி விழுகிற நாளில் கேத்தல் தண்ணீரை ஊற்றுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ரெசின் அடித்த கண்ணாடியை விடுங்க, நல்ல கண்ணாடியே அதுக்குத் தாங்காது.

வெலிமடை_கேரட்

நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். என்னுடையது ஆல்டோ. பின் பக்கக் கதவுக் கண்ணாடியில் கல் பட்டு ஒரு சின்னப் பொட்டு விழுந்திருக்கு. இதுக்கும் ரெசின் அடிக்கலாமா?

பேராதனை_பையன்

மேலே பாஸ் லொறியண்ணாவுக்குச் சொன்ன டெம்பர்ட் கண்ணாடிதான் உங்க கதவிலும். உள்ளே இழுவையை அடைத்து வைத்துச் செய்தது. ரெசின் ஏற்ற வெடிப்பு அதில் நிற்காது. நின்றால் முழுசாக நிற்கும், போனால் மொத்தமாகத் தூள் தூளாகக் கொட்டும்.

கண்ணாடி_பாஸ்

பொட்டு மேலோட்டமாக இருந்தால் இப்போதைக்கு ஓடும், ஆனால் எப்போது கொட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகள் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் மாற்றிவிடுங்க. கதவுக் கண்ணாடிக்குக் கம்மும் இல்லை, கேமராவும் இல்லை. கதவுப் பலகையைக் கழற்றி மாட்டுகிற வேலைதான், வெலிமடையிலேயே செய்துகொள்ளலாம். ஆல்டோவுக்குக் கண்ணாடி எங்கேயும் கிடைக்கும். இடதா வலதா, எந்த வருட மாடல் என்று சரியாகச் சொல்லி வாங்குங்க.

வெலிமடை_கேரட்

இடது பக்கம். மகள் உட்காருகிற இடம். நாளைக்கே போகிறேன்.